அவசரத்துக்கு இரண்டு மார்க்

கொத்தனார் தவிட்டுப் பெட்டிக்குள் கையை விட்டு, ஆறு சப்போட்டாக்களையும் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார். ஐந்து கல். ஆறாவது மட்டும் காம்புப் பக்கத்தில் கொஞ்சம் இடம் கொடுத்தது போலிருந்தது. கொடுத்ததா, கொடுத்ததாக நினைத்துக்கொண்டாரா என்று அவருக்கே தெரியவில்லை. முப்பத்தைந்து வருஷம் செங்கல்லும் சிமெண்டும் தின்ற விரல். மெத்தென்று இருப்பதெல்லாம் அதற்குச் சட்டென்று பிடிபடாது.

“உங்க அண்ணனுக்கு மூச்சு இழுக்குதுன்னு புள்ள போன் பண்ணிக் கால் மணி நேரமாச்சு” என்றாள் மனைவி, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே. “இங்க நின்னு பழத்துக்கிட்ட நலம் விசாரிக்கிறீங்களே, உங்களுக்கே நல்லாருக்கா?”

“நீ முன்னால போ. வந்துட்டேன்.”

“அத வெச்சுட்டு வாங்க.”

“போடின்னா.”

அவள் போனாள். அவர் ஆறாவது காயில் ஒட்டியிருந்த தவிட்டைத் துடைத்து, கைக்குட்டையில் சுற்றி, சட்டைப் பையில் போட்டார். பை கனத்துத் தொங்கியது. பறித்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. சப்போட்டாவை மரத்திலேயே பழுக்க விட முடியாது. காயாகப் பறித்து, காம்பில் வடியும் பாலைக் கழுவி, ஐந்தாறு நாள் புதைத்து வைக்க வேண்டும். சீக்கிரம் கனியட்டும் என்று பெட்டிக்குள் நாலு வாழைப்பழம் வேறு வைத்திருந்தார். இன்னும் இரண்டு நாள் கிடைத்தால் போதும். அந்த இரண்டு நாளை அண்ணன் கொடுப்பாரா என்பதுதான் தெரியவில்லை.

அண்ணன் எதையும் அவருக்குச் சுலபமாகக் கொடுத்ததில்லை.

அண்ணன் வீடு இரண்டு தெரு தள்ளி. வெல்டிங் பட்டறையைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டித் திரும்பினால் வந்துவிடும். அந்தத் தெருக்களில் அண்ணனின் பேர் யாருக்கும் தெரியாது. நாக்குக்காரர் என்றால்தான் தெரியும். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். வீட்டுக்குப் பின்னாலும், மொட்டை மாடியில் டிரம்மிலும் பழமரம் வளர்க்கிறவர்கள் அந்த வட்டாரத்தில் இருபது பேராவது இருப்பார்கள். கொய்யா, ரம்புட்டான், முள்சீத்தா, நட்சத்திரப் பழம், வெண்ணெய்ப் பழம். யார் வீட்டில் எது காய்த்தாலும் முதல் பழம் நாக்குக்காரருக்கு. வளர்த்தவன்கூட அதற்கு முன்னால் வாயில் வைக்கக் கூடாது. எழுதி வைக்காத சட்டம். அவர் வெந்நீரில் வாயைக் கொப்பளிப்பார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு துண்டை நாக்கில் வைத்துச் சும்மா உட்கார்ந்திருப்பார். மெல்ல மாட்டார். எதிரே நிற்கிறவனுக்கு அதற்குள் முதுகெல்லாம் வியர்த்துவிடும். பிறகு பத்துக்கு இத்தனை என்பார். மகள் நோட்டில் எழுதுவாள். மறுநாள் அது தெருவெல்லாம் தெரிந்திருக்கும்.

கொத்தனாருக்குத் தன் மார்க்குகள் எல்லாம் மனப்பாடம். கொய்யா ஐந்து. ரம்புட்டான் நாலு. முள்சீத்தா நாலரை. “அந்த அரை தம்பிங்கறதுக்காக” என்று சொல்லி அண்ணன் அன்று எல்லாரையும் சிரிக்க வைத்தார். ஆறைத் தாண்டியதே இல்லை. மருந்துக்கடைக் கம்பவுண்டர் மாடியில் டிரம்மில் வளர்த்த ரம்புட்டானுக்கு ஒன்பது. நேற்று வந்தவன். மண்ணோடு எருவை எப்படிக் கலப்பது என்று கொத்தனாரிடம் கேட்டுப் போனவன். அவனுக்கு ஒன்பது. அன்றைக்குக் கொத்தனாருக்குச் சோறு இறங்கவில்லை. “பழத்துக்குத்தானே மார்க்கு, உங்களுக்கா போட்டாங்க?” என்று கேட்ட மனைவியோடு இரண்டு நாள் பேசவில்லை.

பத்து மார்க் வாங்கிய மரம் ஒன்றே ஒன்றுதான். அது அண்ணன் வீட்டுச் சப்போட்டா. அண்ணன் தன் பழத்துக்குத் தானே மார்க் போட மாட்டார். ஊர் கூடிப் போட்ட பத்து அது. கப்பல்காரர் ஒருவர் கொடுத்த கன்று. கொத்தனார் அதில் ஒரு குச்சி கேட்டார், ஒட்டுக்கட்டிக்கொள்ள. ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை.

“பழம் எத்தன வேணும்னாலும் தின்னு. மரம் கேக்காத” என்றார் அண்ணன்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் அண்ணியும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். கொத்தனார் பின்பக்கச் சுவரேறிக் குதித்து, விரல் தடிமனில் ஒரு குச்சியை வெட்டினார். அதே மரத்துப் பழத்தின் விதையைப் போட்டு அவர் வீட்டில் முளைக்க வைத்திருந்த கன்றின் தலையைச் சீவி, குச்சியைச் செருகி, பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிக் கட்டினார். அடுத்த வாரமே வெளியூரில் கட்டட வேலை வந்தது. ஏழு மாதம் கழித்து வந்து பார்த்தபோது கன்று இடுப்பளவு வளர்ந்திருந்தது. ஒட்டுப் பிடித்துவிட்டது என்று ராத்திரி தனியாகச் சிரித்துக்கொண்டார்.

இப்போது காய்த்திருந்தது. அண்ணன் மரத்துப் பழம்தான், ஆனால் இவர் வீட்டு மண்ணில். என்ன சொல்வார்? பத்து என்றால் பத்து. நாலு என்றால், நாக்கில் ஒன்றுமில்லை, எல்லாம் ஆளைப் பார்த்துப் போட்டதுதான் என்று ஆகிவிடும். எப்படிப் போனாலும் கொத்தனாருக்கு ஒரு பதில் கிடைக்கும். எட்டு வருஷமாக அவர் அந்த மரத்துக்கு ஊற்றிய தண்ணீரெல்லாம் அதற்காகத்தான்.

அண்ணன் முன்னறையில் கட்டிலில் கிடந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு நாற்காலி. அதில் கம்பவுண்டர் உட்கார்ந்து அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்திருந்தான்.

“வாங்க கொத்தனாரே” என்றான்.

தன் அண்ணன் வீட்டில் தன்னை வாங்க என்று சொல்ல இவன் யார் என்று கோபம் வந்தது. தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் கால்மாட்டில் நின்றார்.

“டாக்டர் வந்து பாத்துட்டாரு சித்தப்பா” என்றாள் அண்ணன் மகள். அழுது முடித்த முகம். “இனி வீட்லயே வெச்சுக்கங்கன்னுட்டாரு.”

அண்ணி ஒரு கிண்ணத்தில் வெந்நீரும் பஞ்சுமாக வந்தாள். கொழுந்தனைப் பார்த்தாள். ஆனால் கேட்டது கம்பவுண்டரிடம். “தலையைக் கொஞ்சம் ஒசத்தலாமா தம்பி?”

தம்பி. அவனும் தம்பிதான்.

மூலையில் குப்பைக் கூடை இருந்தது. அதில் சிவப்பாக, முள்ளு முள்ளாக இரண்டு ரம்புட்டான் தோல். இன்னும் காயவில்லை. கொத்தனார் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“யாரு, சின்னவனா?” என்றார் அண்ணன். கண் பாதிதான் திறந்திருந்தது. குரல் பக்கத்து வீட்டிலிருந்து வருவது போல வந்தது.

“ஆமாண்ணே.”

“பையில என்னடா? எலி புடிச்சு வெச்சிருக்கியா?”

மகள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“சப்போட்டாண்ணே. நம்ம வீட்டு மரம். மொதக் காய்ப்பு.”

அண்ணனின் கண் முழுதாகத் திறந்தது. தம்பியின் முகத்தை ஒரு நிமிஷம் அப்படியே பார்த்தார்.

“எட்டு வருஷமாச்சுல்ல?” என்றார்.

கொத்தனார் பைக்குள் கையை விட்டுக் குனிந்துகொண்டார். கைக்குட்டையை அவிழ்த்துக்கொண்டே, “அவ்வளவு இருக்கும்” என்றார்.

கம்பவுண்டர் கையை நீட்டிப் பழத்தைத் தொட்டுப் பார்த்தான். “இன்னும் கனியலையே. கீறினாப் பால் நிக்கும். அண்ணனுக்குக் காலைல இருந்து தண்ணியே பஞ்சுலதான் நனைக்கிறோம். வேணாம் கொத்தனாரே.”

“என் பழத்த நான் பாத்துக்கறேன்.”

“நான் பழத்துக்குச் சொல்லல, அவருக்குச் சொல்றேன்.”

“உங்க ரம்புட்டான் மட்டும் எப்படி எறங்குச்சாம்?”

“அது சாறு. நாலே சொட்டு. அவரா கேட்டாரு.”

“இதுவும் அவரா கேட்டதுதான். எலியான்னு கேட்டாரே, காதுல விழல?”

“ரெண்டு பேரும் வெளில போயி சண்ட போடுங்க” என்றாள் அண்ணி. குரலை உயர்த்தவில்லை. அண்ணன் உதட்டை அசைத்தார். அண்ணி குனிந்து கேட்டுவிட்டு நிமிர்ந்தாள். “கத்தி எடுத்துட்டு வாம்மா. கொப்பளிக்க வெந்நி வேணுமாம்.”

கொப்பளிக்க முடியாது. அண்ணி பஞ்சை நனைத்து, உதட்டை, பல்லை, நாக்கை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். கொத்தனார் பழத்தின் கன்னத்தில் கத்தியை வைத்து மெல்லியதாக ஒரு சீவல் சீவினார். வெட்டிய இடத்தில் வெள்ளையாகப் பால் பொட்டுப் பொட்டாகக் கிளம்பியது. அவர் பார்த்தார். கம்பவுண்டரும் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் கொத்தனாருக்கு இன்னும் எரிந்தது. நகக்கண் அளவுக்குக் கிள்ளி அண்ணனின் நாக்கில் வைத்தார்.

அண்ணன் கண்ணை மூடினார்.

கொத்தனாருக்கு முதுகு நனைந்தது. அறுபதை எட்டப் போகிற வயதில், சாகக் கிடக்கிற ஆளுக்கு முன்னால், பரீட்சைத் தாள் வாங்க நிற்கிறவன் மாதிரி நிற்கிறோமே என்று ஒரு பக்கம் தோன்றியது. நின்றார்.

அண்ணன் வாயைத் திறக்கப் பார்த்தார். திறக்கவில்லை. உதடு இரண்டும் பாலில் ஒட்டிக்கொண்டிருந்தன. முகம் கோணியது. தோள் குலுங்கியது. வலியில் துடிக்கிறார் என்று நினைத்துக் கொத்தனார் பதறி முன்னால் போனார். மகள்தான் முதலில் கண்டுபிடித்தாள்.

“சிரிக்கிறாரு” என்றாள்.

கம்பவுண்டர் பஞ்சில் எண்ணெய் தொட்டு உதட்டைத் துடைத்துப் பிரித்துவிட்டான்.

“நோட்டு” என்றார் அண்ணன்.

மகள் அலமாரியிலிருந்து நோட்டை எடுத்துக்கொண்டு கட்டில் பக்கம் தரையில் உட்கார்ந்தாள்.

“எழுதும்மா. சின்னவன் சப்போட்டா. மரத்துக்கு வயசு எட்டு.” மூச்சு வாங்கினார். “பறிச்ச அவசரத்துக்கு… ரெண்டு மார்க் கொற.”

மகள் எழுதினாள். பேனா நின்றது. “எதுலருந்துப்பா ரெண்டு?”



“எதுலருந்துண்ணே?” என்றார் கொத்தனார். “பத்துலருந்தா? ஆறுலருந்தா? அண்ணே.”

“பழுக்கட்டும்” என்றார் அண்ணன். கண்ணைத் திறக்கவில்லை.

“கொஞ்சம் தள்ளுங்க, காத்து வரட்டும்” என்றான் கம்பவுண்டர்.

அந்தச் சீவிய பழத்தை அண்ணி ஒரு தட்டில் வைத்து மூடினாள். பஞ்சு நனைக்க இன்னும் கொஞ்சம் வெந்நீர் வேண்டும் என்று கிண்ணத்தைக் கொத்தனாரிடம் நீட்டினாள். அவர் அடுப்பங்கரைக்குப் போய்த் தண்ணீர் சுட வைத்தார். அவர் மனைவி அங்கே அண்ணியின் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். இவரைத் திரும்பிப் பார்த்தாள். “குடுத்தாச்சா? திருப்தியா?” என்றாள். அவர் கிண்ணத்தை அவள் கையில் கொடுத்துவிட்டுப் பின்வாசல் வழியாக வெளியே போனார்.

அண்ணனின் மரம் தழைத்து நின்றது. காலை வெயில் இலைக்குள் நுழைய முடியாமல் மேலேயே நின்றது. கொத்துக் கொத்தாகக் காய். தன் மரத்தில் மொத்தமே ஆறு. இங்கே ஒரு கிளையிலேயே அதற்கு மேல் இருந்தது. கட்டிலில் படுத்துக் கிடக்கிற ஆள் மூன்று மாதமாக ஒரு வாளித் தண்ணீர் ஊற்றவில்லை. அப்படியும் காய்த்துத் தள்ளியிருந்தது. சில பேருக்குக் கையை வைத்தால் போதும், கையை எடுத்தாலும் போதும். கொத்தனார் எட்டிய ஒரு காயின் தோலை நகத்தால் லேசாகச் சுரண்டினார். அடியில் பச்சை தெரிந்தால் முற்றவில்லை, மஞ்சள் தெரிந்தால் பறிக்கலாம். மஞ்சள். அடுத்ததைச் சுரண்டினார். மஞ்சள். அதற்கு அடுத்தது. தன் காயைப் பறித்த அன்று அடியில் என்ன நிறம் தெரிந்தது என்று யோசித்தார். பச்சையும் மஞ்சளுமாக இருந்தது. மஞ்சள்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பறித்தார்.

உள்ளே மகள் கத்தினாள்.

அவர் ஓடிப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. கம்பவுண்டர் எழுந்து நின்று, அண்ணனின் கண்களை மூடிக்கொண்டிருந்தான். விரலை எடுக்காமல், மெதுவாக, அது தன் வேலை என்பது போல. அண்ணி கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

கொத்தனாரின் நகத்துக்குள் சப்போட்டாத் தோலின் பொடி இருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். முதலில் வந்தது அழுகை இல்லை. அதையும் அவன் எடுத்துக்கொண்டானே என்பதுதான் வந்தது.

மத்தியானத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். மரம் வளர்க்கிறவர்கள் எல்லாரும் வந்தார்கள். வெல்டிங் பட்டறைக்காரர், ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர், ஓய்வு பெற்ற தபால்காரர். நாற்காலிகளை நெருக்கிப் போட்டு உட்கார்ந்தார்கள். பிறகு வழக்கம் போல மார்க் பேச்சு ஆரம்பித்தது.

“என் வெண்ணெய்ப் பழத்துக்கு ஏழு போட்டாரு” என்றார் தபால்காரர்.

“எனக்கு ரெண்டு. பழத்துக்கு ஒண்ணு, கொண்டு வந்த பைக்கு ஒண்ணுன்னாரு” என்றார் வேன்காரர். மூக்கைச் சிந்தினார். “அடுத்த வருஷம் அதே மரத்துக்கு ஆறு குடுத்தாரு. அந்த மனுசன் வாயில பொய்யே வராது.”

“கம்பவுண்டருக்குத்தான் ஒம்பது.”

“ஆமா, அது யாராலயும் முடியாது இனிமே.”

“கொத்தனாரே, உங்களுக்கு எத்தன?” என்று கேட்டார் வெல்டிங்காரர். சாதாரணமாகத்தான் கேட்டார்.

“இன்னும் போடல” என்றார் கொத்தனார்.

மாலையில் எடுத்தார்கள். முன்பக்கம் வலது தோளுக்குக் கொத்தனார் போய் நின்றார். இடது தோளுக்கு யாரும் சொல்லாமலே கம்பவுண்டர் வந்து நின்றான். எவ்வளவு மூட்டை தூக்கிய தோள். அண்ணன் பாதி மூட்டை கூட இல்லை. வண்டி வரைக்கும் இருபதடி. கொத்தனார் வேண்டுமென்றே தோளைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார். பாரம் எல்லாம் தன் பக்கம் சாயட்டும் என்று. கம்பவுண்டரும் உயர்த்தினான். “மேல தூக்காதீங்கப்பா, நேரா புடிங்க” என்று பின்னாலிருந்து வேன்காரர் கத்தினார்.

மூன்றாம் நாள் கொத்தனார் பெட்டியைத் திறந்தபோது தவிடு இனித்து மணந்தது. ஐந்து பழமும் கனிந்திருந்தன. அமுக்கவே வேண்டியிருக்கவில்லை. பார்த்தாலே தெரிந்தது.

ஒன்றை எடுத்து மூக்கருகே பிடித்தார். தின்றுவிடலாம். இனிச் சட்டம் சொல்ல யாரும் இல்லை. ஆனால் முடியவில்லை. யோசித்துப் பார்த்தால், தன் மரத்துப் பழம் எதையும் அவர் தன் வாய்க்காகத் தின்றதே இல்லை. அண்ணன் முகத்தைப் பார்த்துத்தான் அது புளிப்பா இனிப்பா என்று தெரிந்துகொண்டார். நாலு என்று கேட்ட பிறகு தின்ற ரம்புட்டான் நாலாகத்தான் இருந்தது.

ஐந்தையும் பையில் போட்டுக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனார்.

கூட்டம் வடிந்திருந்தது. கட்டிலை மடித்துச் சுவரில் சாய்த்திருந்தார்கள். சாப்பாட்டு மேஜையில் அண்ணி, மகள், அவர்களோடு கம்பவுண்டர். அவன் முன்னால் நோட்டு இருந்தது.

கொத்தனார் வாசற்படியிலேயே நின்றார்.

“நோட்டு இவர்கிட்ட எப்படி?” என்றார்.

“அவர்தான் குடுக்கச் சொன்னாரு” என்றாள் அண்ணி. “போன மாசமே சொல்லிட்டாரு. அடுத்தது இவர் பாத்துக்கட்டும்னு.”

“ஓஹோ.” பையைக் கைமாற்றிப் பிடித்தார். “சரி. அப்ப நான் வரேன். பழம் ஒண்ணும் சரியா வரல.”

“சித்தப்பா, பை மணக்குது” என்றாள் மகள்.

“உக்காருங்க” என்றாள் அண்ணி. “மூணு நாளா இந்த வீட்ல யாரும் கோவிச்சுக்கல. அது ஒண்ணுதான் கொறையா இருந்துச்சு. உக்காருங்க.”

அவர் உட்கார்ந்தார். அண்ணி பையை வாங்கிப் பழங்களைக் கழுவினாள். உள்ளே போய் இன்னும் இரண்டு கொண்டுவந்தாள். “இது நம்ம மரம். அன்னைக்கே கீழ விழுந்து கெடந்துச்சு, அரிசிக்குள்ள போட்டு வெச்சேன். யாரோ நகத்தால சுரண்டி வெச்சிருக்காங்க” என்றாள், அவரைப் பார்க்காமல்.

கம்பவுண்டர் இரண்டு மரத்துப் பழத்திலும் ஒவ்வொன்றை எடுத்து அருகருகே வைத்து வெட்டினான். வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுதான். அண்ணன் பழம் உள்ளே செங்கல் நிறம், நடுவில் ஒற்றை விதை. எப்போதும் ஒற்றை விதைதான். கொத்தனாரின் பழம் தேன் நிறத்தில் இருந்தது. நாலு விதை. சதை மணல் மணலாக, ஈரமாகப் பளபளத்தது.

கொத்தனார் இன்னொரு பழத்தைத் தானே எடுத்து வெட்டினார். தேன் நிறம். நாலு விதை.

“இது வேற” என்றான் கம்பவுண்டர். தயங்கித் தயங்கித்தான் சொன்னான். “கொத்தனாரே, ஒட்டு செத்துப் போயிருக்கு. கீழ இருக்கற கன்னு துளுத்து வந்துருக்கு. அதத்தான் நீங்க வளத்துருக்கீங்க.”

“ஒட்டுன்னு ஒனக்கு யார் சொன்னா?”

கம்பவுண்டர் அண்ணியைப் பார்த்தான்.

“நீங்க குச்சி வெட்டிட்டுப் போன மறுநாளே அவருக்குத் தெரியும்” என்றாள் அண்ணி. “சிமெண்டுக் கரண்டி புடிக்கிற கை வெட்டின வெட்டு, பாத்தாலே தெரியாதான்னு சிரிச்சாரு. கேளுங்களேன்னேன். வேணாம், காய்க்கட்டும், என் பழத்தையே எங்கிட்ட கொண்டாந்து மார்க் கேப்பான், அப்ப அவன் மூஞ்சியப் பாக்கணும்னாரு. எட்டு வருஷமா அத ஒரு வேலையா வெச்சுட்டு இருந்தாரு. ஒட்டுன்னா மூணு வருஷத்துல காய்ச்சிருக்கணுமே, பய என்ன பண்றான்னு பொலம்புவாரு.”

கொத்தனார் பால் என்று நினைத்துக் கத்தியை விரலால் வழித்துக்கொண்டிருந்தார். பால் இல்லை, வெறும் சாறு. அது அவருக்குத் தெரியவில்லை.

“அன்னைக்கு?” என்றார்.

“அன்னைக்கு நீங்க தண்ணி சுட வெக்கப் போனீங்கல்ல. அப்பச் சொன்னாரு. இது என்னுது இல்ல, அவனுக்கே தெரியல, நீ சொல்லித் தொலைக்காத, பழுத்ததும் வெட்டிப் பாப்பான்னு. அதுக்கப்புறம் ஒண்ணும் பேசல.”

“மார்க்கு?”

“அத எங்கிட்ட எப்படிச் சொல்லுவாரு?”

மகள் நோட்டைத் திறந்து அந்தப் பக்கத்தைக் கம்பவுண்டர் பக்கம் தள்ளினாள். அவளுடைய கையெழுத்து. சின்னவன் சப்போட்டா. வயசு எட்டு. பறித்த அவசரத்துக்கு இரண்டு குறை. அதற்குப் பக்கத்தில் கட்டம் வெள்ளையாக இருந்தது.

கம்பவுண்டர் நோட்டை மூடி, கொத்தனாரிடம் தள்ளினான்.

“எனக்கு அந்த நாக்கு கெடையாது. எதுக்கு எங்கிட்ட குடுத்தாருன்னே தெரியல.” நோட்டின் மேலிருந்து கையை எடுத்தான். “ஒம்பது, ஒம்பதுன்னு சொல்லியே என்ன ஊர் கொல்லுது. ஒரு தடவையாவது என்னத் திட்டிருக்காரா? வீட்டுக்கு வந்தவனுக்கு நாற்காலி போடுற மாதிரி போட்ட மார்க்கு அது. உங்கள நாலுன்னு சொல்லிட்டு, நீங்க போனதும் அர மணி நேரம் அந்த மரத்தப் பத்தியே பேசுவாரு. மண்ணு சரியில்ல, எருவ மாத்தச் சொல்லணும், சொன்னாக் கேக்க மாட்டான்னு. நான் உக்காந்து கேட்டுட்டே இருப்பேன். எம் மரத்தப் பத்தி ஒரு நாள் பேசுனதில்ல.”

கொத்தனார் அவனைப் பார்த்தார். அவன் முகத்தில் இருந்தது என்ன என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது. பல வருஷமாகக் கண்ணாடியில் பார்த்துப் பழகிய முகம்.

“தின்னு பாரு” என்றார்.

“நீங்க மொதல்ல.”

“நீ தின்னுப்பா.”

இரண்டு பேரும் ஆளுக்கொரு துண்டை எடுத்துக்கொண்டார்கள். ஒரே நேரத்தில் வாயில் போட்டார்கள். கொத்தனார் வழக்கம் போல எதிரில் இருந்தவரின் முகத்தைப் பார்த்தார். கம்பவுண்டர் இவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு வாயும் அசைந்தன. நல்லதா கெட்டதா என்று இரண்டு முகத்திலும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

மகள் பேனாவின் மூடியைக் கழற்றினாள். பார்த்தாள். மறுபடி மூடினாள்.

அண்ணி நின்றபடியே ஒரு துண்டை எடுத்துத் தின்றாள். மூன்று நாளாக அவள் ஒழுங்காக ஒரு வாய் சாப்பிடவில்லை. விதையைத் தட்டின் ஓரத்தில் துப்பினாள். ஜன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிளில் மணியடித்துக்கொண்டு போனார்கள். சத்தம் தேய்கிற வரைக்கும் நின்றாள். பிறகு, அவர்கள் இரண்டு பேரையும் பார்க்காமல், அடுத்த துண்டுக்குக் கை நீட்டினாள்.

கொத்தனார் தட்டை அவள் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.